எவ்வளவு சேமிப்பது? மலாயா ஹாஜிகளின் வரலாறு தரும் பதில்

மாத வருமானத்தில் எத்தனை பங்கைச் சேமிக்க வேண்டும் என்ற கேள்வி நம் குடும்பங்களில் அடிக்கடி எழுகிறது. பத்தில் ஒன்று என்பார் ஒருவர்; ஐந்தில் ஒன்று என்பார் மற்றொருவர். ஸகாத்துக்கு நாற்பதில் ஒரு பங்கு என்று கணக்கு வகுத்த மார்க்கம், சேமிப்புக்கு அத்தகைய விகிதம் எதையும் விதிக்கவில்லை. ஆயினும் அளவைக் கண்டறியும் வழியை முன்னோரின் வரலாறு நமக்குக் காட்டித் தருகிறது.

எகிப்தில் யூசுஃப் (அலை) அவர்கள், செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலில் உண்பதற்கு வேண்டிய சிறிதளவு போக, மீதமுள்ளதைக் கதிரோடு விட்டுவைக்கச் சொன்ன செய்தியைத் திருமறை கூறுகிறது. அடுத்து வரவிருந்த பஞ்சமும் ஏழு ஆண்டுகள். நபி (ஸல்) அவர்களோ, பனூ நளீர் தோட்டங்களின் பேரீச்சம்பழ வருவாயிலிருந்து தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் இடம்பெறுகிறது. பேரீச்சை ஆண்டுக்கு ஒருமுறை பலன் தருவது. ஆக, எதிர்வரும் தேவை எது, அதற்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்ற இரண்டுமே சேமிப்பின் அளவைத் தீர்மானிக்கின்றன என்று நாம் விளங்கிக்கொள்கிறோம்.

இந்த அளவுகோலைச் சாமானியக் குடும்பங்களின் கைக்குக் கொண்டுவந்த ஒரு முயற்சி, அண்மைக் காலத்தில் மலாயாவில் நிகழ்ந்தது.

அந்நாட்டுக் கிராமத்து முஸ்லிம்கள் ஹஜ்ஜுக்கென்று ஆயுள் முழுவதும் பணம் சேர்த்தார்கள். வங்கியில் போட்டால் வட்டி கலந்துவிடும் என்ற அச்சத்தால், தலையணைக்குள்ளும் மூங்கில் குழாய்க்குள்ளும் மறைத்து வைத்தார்கள். சேர்த்தது போதாதபோது நிலத்தையும் கால்நடைகளையும் விற்றார்கள். கடமையை நிறைவேற்றித் திரும்பியவர்களில் பலருக்கு, உழுவதற்கு நிலமும் இல்லை, உழும் மாடும் இல்லை. ஹாஜி என்ற சிறப்புடன் வந்தவரின் வீட்டில் வறுமை குடியேறியது. ஹஜ் சக்தி பெற்றவர் மீதே கடமை. வீட்டிலிருப்போரின் செலவுக்கு வழி செய்துவிட்டுப் புறப்படுவதும் அச்சக்தியில் அடங்கும் என்பது ஃபிக்ஹு நூல்கள் கூறும் சட்டம். இதை எண்ணிப் பார்த்தால் அக்குடும்பங்களின் இழப்பு எத்தகையது என்பது புரியும்.

மலாயாப் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் உங்கு அப்துல் அஜீஸ், ஹஜ் பயணிகளின் பொருளாதார நிலையை மேம்படுத்தும் திட்டமொன்றை 1959இல் முன்வைத்தார். சிறுகச் சிறுகச் செலுத்தும் பணத்தைப் பாதுகாத்து, வட்டியற்ற, ஆகுமான தொழில்களில் அதை ஈடுபடுத்துவதே அதன் சாரம். அதன் பயனாக ஹஜ் பயணிகளுக்கான சேமிப்புக் கழகம் 1963இல் செயல்படத் தொடங்கியது. ஆரம்பத்தில் சேர்ந்தவர்கள் 1281 பேர். அவர்கள் செலுத்திய மொத்தத் தொகை சுமார் 46,600 வெள்ளி. அதாவது தலைக்கு ஏறத்தாழ 36 வெள்ளி. இன்று தாபோங் ஹாஜி என்று உலகம் அறியும் நிறுவனத்தின் தொடக்கம் இத்தனை சிறியதே. நிலத்தை விற்காமல் ஹஜ் செய்ய முடியும் என்ற நம்பிக்கையை அது ஏழை விவசாயிக்குத் தந்தது.

இந்த வரலாற்றை நம் வீட்டுக் கணக்கில் பொருத்திப் பார்ப்போம். ஐந்து ஆண்டுகளில் ஒரு தேவைக்கு 3 லட்சம் ரூபாய் வேண்டும் என்று கொள்வோம். 60 மாதங்களால் வகுத்தால் மாதம் 5000 ரூபாய். மாத வருமானம் 25,000 ரூபாயாக இருந்தால் இது ஐந்தில் ஒரு பங்கு. பிள்ளைகளின் உணவையும் மருந்தையும் குறைத்தால்தான் அது இயலும் என்ற நிலையிருந்தால், காலத்தை 100 மாதங்களாக நீட்டுவோம்; மாதம் 3000 ரூபாய் போதும். விகிதத்தை முதலில் முடிவு செய்துவிட்டுக் குடும்பத்தை அதற்குள் திணிக்க வேண்டியதில்லை.

ஆனால் வரிசை முக்கியம். மனைவி மக்களின் நியாயமான செலவும், பெற்றோரின் பராமரிப்பும், தவணை வந்த கடனும் முதலில் நிற்பவை. அடுத்தது சேமிப்பு. ஆடம்பரமும் ஊர் மெச்சும் விருந்தும் அதற்குப் பின்னரே. சம்பளம் வந்த நாளிலேயே சேமிப்பைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சுவதை வைப்போம் என்று காத்திருக்கும் வீட்டில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை. சேர்ந்த தொகை நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைவுற்றால், அதற்குரிய ஸகாத்தையும் மறக்கலாகாது. அது ஏழைகளின் உரிமை.

கணவனும் மனைவியும் அமர்ந்து கலந்து பேசி, தேவையையும் காலத்தையும் ஒரு தாளில் எழுதி வைப்பது இன்றே செய்யக்கூடிய காரியம். கஞ்சத்தனத்துக்கும் வீண்விரயத்துக்கும் இடைப்பட்ட நடுநிலையில் நம் இல்லங்களை வல்ல அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக! கடனின்றி, கவலையின்றி அவனுடைய ஆலயத்தைத் தரிசிக்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.