மேற்கே ஒரு கிழக்கு

ஆற்றின் பெயரால் ஊர் உண்டு. சாமியின் பெயரால், ராஜாவின் பெயரால் ஊர் உண்டு. கப்பலின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊராக நான் அறிந்தது லோரியான் ஒன்றுதான். பிரெஞ்சு தேசத்தின் மேற்குக் கோடியில், பிரிட்டனிக் கடற்கரையில், ஸ்கார்ஃப், பிளாவே என்ற இரண்டு ஆறுகள் கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது. பெயருக்கு அர்த்தமோ 'கிழக்கு'! சாட்சாத் நம்மைத்தான் சொல்கிறார்கள்.

பதினான்காம் லூயியின் மந்திரி கோல்பேர் 1664-ல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனியை ஆரம்பித்தார். 1666-ல் கம்பெனிக்குக் கப்பல் கட்ட இங்கே கொஞ்சம் பொட்டல் நிலம் கிடைத்தது. அங்கே உருவான முதல் பெரிய கப்பலுக்குக் 'கீழ்த்திசைச் சூரியன்' என்று பெயர். ஆயிரம் டன் கப்பல். அந்தப் பெயர் கட்டும் துறைக்கும் ஒட்டிக்கொண்டு, பிறகு ஊருக்கே ஆகிவிட்டது என்பார்கள். 1681-ல் சயாம் தேசத்துத் தூதர்களை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் கப்பல் ஆளோடு பொருளோடு காணாமல் போயிற்று. பெயர் மட்டும் கரையில் தங்கிவிட்டது.

இந்த ஊரை வளர்த்தது நம்முடைய துணி. புதுச்சேரியிலிருந்து போன வெள்ளைத் துணியும், சாயத் துணியும், சீட்டியும் இங்கே வந்து இறங்கின. 1730-களில் கம்பெனியின் ஏலம் முழுவதுமே நாந்த் நகரிலிருந்து லோரியானுக்கு மாறிவிட்டது. இதிலே ஒரு வேடிக்கை. உள்நாட்டு நெசவாளர் கெட்டுப்போவார்கள் என்று, பூப்போட்ட சீட்டியை உடுத்தக்கூடாதென 1686-லிருந்து 1759 வரை பிரெஞ்சு நாட்டில் தடை இருந்தது. மூட்டை மூட்டையாகச் சீட்டி இறங்கிய ஊரிலே அதைப் பகிரங்கமாக உடுத்த முடியாது. வெளிநாட்டுக்குத்தான் விற்க வேண்டும். பெண்கள் சட்டத்துக்கு எவ்வளவு தூரம் கட்டுப்பட்டார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். அதே துணியில் ஒரு பங்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் அடிமைகளுக்கு விலையாயிற்று. அதை எழுதாமல் விடுவது நியாயமில்லை.

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை கப்பல் வருவதையும் போவதையும் நாட்குறிப்பில் விடாமல் எழுதி வைத்தார் அல்லவா? அந்தக் கப்பல்களின் மறுகோடி லோரியான்.

பள்ளிக்கூடத்தில் 1746 என்ற ஆண்டை நாங்கள் நெட்டுருப் போட்டிருக்கிறோம். செப்டம்பர் 21-ல் பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொனே சென்னையைப் பிடித்தார். பத்து நாள் கழித்து, அக்டோபர் முதல் தேதி, லோரியானுக்கு அருகே ஆங்கிலேயப் படை கரையிறங்கியது. இதை எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. சென்னையில் நடந்த சமாசாரம் ஐரோப்பாவுக்கு எட்டப் பல மாதம் ஆகும். ஆகவே இது பழிக்குப் பழி அல்ல. இரண்டு தேசத்தாரும் ஒருவர் மடியில் ஒருவர் கை வைத்தார்கள், அவ்வளவுதான். ஆங்கிலேயத் தளபதிக்குக் காரியதரிசியாக வந்தவர் டேவிட் ஹ்யூம் என்ற தத்துவஞானி.

முற்றுகை ஒரு வாரந்தான். வெளியே மழையிலும் நோயிலும் சிப்பாய்கள் துவண்டார்கள். உள்ளே இருந்த அதிகாரிகளுக்கு இது தெரியாது. சரணடைவதென்று முடிவு செய்து முரசு கொட்டச் சொன்னார்கள். சரணை ஏற்றுக்கொள்ள எதிரே ஆள் இல்லை! ஆங்கிலேயர் மூட்டையைக் கட்டிக்கொண்டு கப்பலுக்குத் திரும்பிவிட்டிருந்தார்கள். மாதாவின் அருள் என்று ஜனங்கள் கொண்டாடினார்கள்.

அடுத்த தடவை அருள் கிட்டவில்லை. 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1769-ல் கம்பெனியின் ஏகபோகம் போயிற்று. லோரியான் அரசாங்கத்தின் போர்க்கப்பல் துறையாகி, பிறகு மீன் துறையும் ஆயிற்று.

1940 ஜூனில் ஜெர்மானியர் வந்தார்கள். கெரோமான் என்ற இடத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குக் கான்கிரீட் கொட்டகைகள் எழும்பின. கூரையின் கனம் மூன்றரை மீட்டர். கடைசியாகக் கட்டியதில் ஏழு மீட்டருக்கும் மேல். 1943 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நேச நாட்டு விமானங்கள் ஊர் முழுவதையும் இலக்காக வைத்துக் குண்டு பொழிந்தன. ஊரில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சாம்பல். கொட்டகைகளுக்கோ ஒரு கீறலுக்கு மேல் இல்லை. கூரையை உடைக்க முடியாதென்று தெரிந்தே ஊரை அழித்தார்கள். யுத்த தர்மம் என்று இதற்குப் பெயர் வைத்தாலும் என் மனசு ஒப்பவில்லை.

அந்தத் துறையில் ழாக் ஸ்டாஸ்கோஃப் என்று ஒரு பிரெஞ்சு எஞ்சினியர் இருந்தார். ஜெர்மன் பாஷை நன்றாகத் தெரிந்தவர். ஜெர்மன் அதிகாரிகளோடு சகஜமாகப் பேசுவார், அவர்கள் வேலையைக் கண்டிப்பாக முடித்துக் கொடுப்பார். கீழே வேலை செய்தவர்கள் அவரைத் துரோகி என்றே வெறுத்தார்கள். எந்தக் கப்பல் வந்தது, எது போனது என்று அவர் ரகசியமாக நேச நாட்டாருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. 1944 பிப்ரவரியில் பிடிபட்டார். செப்டம்பர் முதல் தேதி ஸ்ட்ரூட்ஹோஃப் முகாமில் கொன்றுவிட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகுதான் ஊருக்கு உண்மை தெரிந்தது. தெருவில் காறித் துப்பியவன் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பான்? கதை எழுதுகிறவன் ஆகையால் எனக்கு அந்த ஒரு இரவுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது.

1946-ல் அந்தக் கொட்டகைகளுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இடித்துத் தள்ள யாராலும் முடியாததால் அவற்றைப் பிரெஞ்சுக் கடற்படையே 1997 வரை உபயோகித்தது. ஊரைப் புதிதாகக் கான்கிரீட்டில் கட்டினார்கள். மாதா கோயில்கூடக் கான்கிரீட்தான். முந்நூறு வருஷத்து ஊரில் பழைய வீடு தேடினால் அபூர்வம். கம்பெனிக் காலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நீரைத் தாண்டி எதிர்க்கரையில் போர்லூயிக் கோட்டைக்குப் போகவேண்டும். அங்கே காட்சிசாலையில், சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணிகள் சாயம் போகாமல் தொங்குகின்றன.