பேனோஸ்: நெடுநேரப் பந்தயத்தில் ஒரு சிறு கார் நிறுவனம்

பேனோஸ், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கைவேலையாக ஸ்போர்ட்ஸ் கார் செய்துவந்த சிறு நிறுவனம். 1997 முதல் 2003 வரை இந்த நிறுவனம் போர்ஷே, டொயோட்டா, பிஎம்டபிள்யூ, ஆடி போன்ற பெரும் நிறுவனங்களோடு லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தின் உச்சப் பிரிவில் போட்டியிட்டது. உலகமே எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்த காலத்தில், அதை முன்னால் வைத்தே ஜெயிக்க முயன்றதுதான் இதன் தனி அடையாளம்.

நிறுவனத்தை 1989இல் தொடங்கியவர் டான் பேனோஸ் என்ற இளைஞர். அயர்லாந்தில் தாம்சன் மோட்டார் கம்பெனி என்ற சிறு கார் நிறுவனம் நொடித்துப்போனபோது, அதன் சேஸிஸ் வடிவமைப்பின் உரிமையை வாங்கிக்கொண்டு அமெரிக்கா வந்தார். அந்தச் சேஸிஸை வரைந்தவர் ஃபிராங்க் காஸ்டின். லோட்டஸ், வான்வால் பந்தயக் கார்களுக்கு உருக்கொடுத்த, மார்கோஸ் நிறுவனத்தின் பெயரில் பாதியைத் தந்த ஆங்கிலேயப் பொறியாளர். அதில் ஃபோர்டு மஸ்டாங்கின் வி8 எஞ்சினைப் பொருத்தி, பழைய பாணியில் கூரையில்லாத ரோட்ஸ்டர் ஒன்றை டான் விற்கத் தொடங்கினார். பின்னர் வந்த பதிப்புகளில் உடலும் சட்டமும் பெரும்பாலும் அலுமினியமாக மாறின. இந்த அளவில் இருந்திருந்தால், ஆர்வலர்கள் மட்டும் அறிந்த ஒரு பெயராகவே பேனோஸ் நின்றிருக்கும்.

போக்கை மாற்றியவர் அவருடைய தந்தை. டொனால்ட் பேனோஸ் மருந்துத் துறையில் பெரும் பொருள் ஈட்டியவர். 1960களின் தொடக்கத்தில் மைலான் நிறுவனத்தை இணைந்து தொடங்கியவர் அவர்; பிறகு அயர்லாந்தில் எலான் நிறுவனத்தை நிறுவினார். புகைப்பழக்கத்தை விட உதவும் நிகோடின் ஒட்டுப்பட்டையின் உருவாக்கத்தோடு இணைத்துப் பேசப்படும் பெயர் அவருடையது. ஜார்ஜியாவின் பிரேசல்டனில் திராட்சைத் தோட்டமும் விடுதியும் சேர்ந்த சாட்டோ எலானை அமைத்திருந்தார். அதற்குப் பக்கத்திலேயே இருந்தது ரோடு அட்லாண்டா பந்தயத் தடம். 1996இல் அதையும் வாங்கினார். மகனின் காரை உலகுக்குக் காட்ட வேண்டுமானால் லெ மான்ஸில் ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்தவர் அவர்தான்.

1990களின் நடுவில் ஜிடி1 என்ற பிரிவு சூடுபிடித்திருந்தது. சாலையில் ஓடத் தகுதியுள்ள ஒரு காராவது இருக்க வேண்டும் என்பது விதி. போர்ஷேயும் மெர்சிடிஸும் முதலில் பந்தயக் காரை வரைந்துவிட்டு, அதிலிருந்து சாலைக் காரைப் பிறக்கச் செய்தன. பெயருக்கு ஜிடி என்றாலும் உள்ளுக்குள் அவை பந்தயத்துக்கென்றே பிறந்த புரோட்டோடைப்புகளே. பேனோஸும் அதே வழியில்தான் போனது. ஆனால் டொனால்ட் பேனோஸ் ஒரு நிபந்தனை வைத்தார்: தன் நிறுவனம் விற்கும் கார்களில் எஞ்சின் முன்னால் இருக்கிறது, ஆகவே பந்தயக் காரிலும் முன்னால்தான் இருக்க வேண்டும்.

காரை உருவாக்கும் பொறுப்பு இங்கிலாந்தின் ரெய்னார்டு நிறுவனத்துக்குப் போனது. வடிவமைப்பாளர் ஆண்டி தோர்பி. அவர் முன்னால் இருந்த சிக்கல் எளியதல்ல. எஞ்சின் நடுவில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் எடை மையத்தில் திரளும்; கார் சட்டென்று திரும்பும். 1960களிலிருந்து லெ மான்ஸில் முன்னணிக்கு வந்த கார்கள் அனைத்தும் ஏறக்குறைய இப்படித்தான். தோர்பி எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால், கண்ணாடியின் அடிவரை தள்ளி வைத்தார். ஓட்டுநரோ பின்சக்கரங்களுக்கு அருகே போய் உட்கார்ந்தார். கியர்பாக்ஸ் காரின் பின்பகுதிக்குச் சென்றது. இப்படியாக எடை ஓரளவு சமப்பட்டது. விலையாகக் கிடைத்தது எல்லையில்லாமல் நீளும் பானட்டும், எஞ்சின் சூட்டைக் காலடியில் தாங்க வேண்டிய ஓட்டுநர் அறையும்தான்.

எஞ்சின், ஃபோர்டை அடிப்படையாகக் கொண்டு ரவுஷ் நிறுவனம் தயாரித்த 6 லிட்டர் வி8. சுமார் 600 குதிரைத்திறன். போட்டியாளர்களின் டர்போ எஞ்சின்கள் சீறிக்கொண்டு போகும் இடத்தில் பேனோஸின் அடிவயிற்று உறுமல் தனியாகக் கேட்டது. நீண்ட, விசித்திரமான அந்த உருவத்தைப் பார்த்த ரசிகர்கள் ‘பேட்மொபைல்’ என்று பெயர் சூட்டினார்கள். எஸ்பரான்டே ஜிடிஆர்-1 என்பது அதன் முறையான பெயர்.

1997இல் லெ மான்ஸுக்கு மூன்று கார்கள் வந்தன. மூன்றுமே முடிக்கவில்லை. அடுத்த ஆண்டு நிலைமை தேறியது. டேவிட் பிரபாம், ஆண்டி வாலஸ், ஜேமி டேவிஸ் மூவரும் ஓட்டிய கார் 24 மணிநேரத்தையும் தாண்டி 7ஆவதாக வந்தது. அந்த ஆண்டு போர்ஷே, டொயோட்டா, நிசான், மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ ஆகிய ஐந்தும் தொழிற்சாலை அணிகளோடு களத்தில் இருந்தன என்பதை நினைத்தால் 7ஆவது இடம் சின்ன விஷயமல்ல. பிரபாம் இந்தக் கதையில் மீண்டும் மீண்டும் வரும் பெயர். தன் பெயரிலேயே கார் செய்து உலகப் பட்டம் வென்ற ஜாக் பிரபாமின் மகன் அவர்.

அதே 1998இல் பேனோஸ் செய்த இன்னொரு வேலை, காலத்துக்கு மிகவும் முந்தியது. ஜிடிஆர்-1 கார் ஒன்றில் இங்கிலாந்தின் ஸைடெக் நிறுவனத்தோடு சேர்ந்து மின்மோட்டாரும் பேட்டரியும் பொருத்தினார்கள். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைச் சேமித்து, வேகமெடுக்கும்போது திருப்பித் தரும் ஏற்பாடு. எரிபொருள் மிச்சமானால் அதை நிரப்பப் பிட்டில் நிற்பது குறையும், நெடுநேரப் பந்தயத்தில் அதுவே நிமிடக்கணக்கில் லாபம் என்பது கணக்கு. ‘ஸ்பார்க்கி’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட அந்தக் காருக்குப் பேட்டரியின் எடையே எமனானது. லெ மான்ஸின் முன்தகுதிச் சுற்றைத் தாண்ட முடியவில்லை. அக்டோபரில் ரோடு அட்லாண்டாவில் ஓடி 12ஆவதாக முடித்தது. அதோடு அதன் பந்தய வாழ்வும் முடிந்தது. லெ மான்ஸை ஹைபிரிட் கார் முதன்முதலாக வென்றது 2012இல், ஆடியின் மூலம். எண்ணத்தில் பிழையில்லை; அந்நாளைய பேட்டரிதான் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

ஸ்பார்க்கி ஓடிய அந்தப் பந்தயமும் டொனால்ட் பேனோஸின் படைப்புதான். லெ மான்ஸை நடத்தும் பிரெஞ்சு அமைப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ரோடு அட்லாண்டாவில் ‘பெட்டிட் லெ மான்ஸ்’ என்ற பந்தயத்தை 1998இல் தொடங்கினார். 1000 மைல் அல்லது 10 மணிநேரம், எது முதலில் வருகிறதோ அதுவரை ஓட வேண்டும். பிரிவு வெற்றியாளர்களுக்கு லெ மான்ஸில் நேரடி அழைப்பு. அந்தப் பந்தயத்தின் வெற்றியைக் கண்டு, அடுத்த ஆண்டே அமெரிக்கன் லெ மான்ஸ் தொடரை உருவாக்கினார். பிரான்சின் விதிப்படி கட்டிய ஒரு கார் இப்போது அமெரிக்காவிலும் ஆண்டு முழுக்க ஓடலாம் என்ற நிலை வந்தது. ஐரோப்பாவின் பெரிய நிறுவனங்கள் தங்கள் கார்களைக் கப்பலேற்றின. செல்வந்தர் ஒருவர் தன் காருக்காகத் தொடரையே நடத்துகிறார் என்று இதைச் சுருக்கிச் சொல்வது நியாயமாகாது. அந்தத் தொடரில் அதிகம் வென்றவர்கள் அவருடைய எதிரிகள்தான்.

1999இல் பழைய ஜிடி1 பிரிவு மறைந்து, வெளிப்படையான புரோட்டோடைப் பிரிவு முன்னுக்கு வந்தது. சாலைக் காரின் சாயல் இனி கட்டாயமில்லை. எஞ்சினைப் பின்னால் கொண்டுபோக நல்ல சந்தர்ப்பம்; பேனோஸ் அதைச் செய்யவில்லை. ஜிடிஆர்-1இன் அடிப்படையை வைத்துக்கொண்டே கூரையை நீக்கி, எல்எம்பி-1 ரோட்ஸ்டர் எஸ் என்ற திறந்த காரை உருவாக்கியது. வி8 அதே இடத்தில், முன்னால்.

லெ மான்ஸில் இரண்டு கார்களும் முடித்தன. 7ஆவது, 11ஆவது இடங்கள். உண்மையான விடை செப்டம்பரில், சொந்தத் தடத்தில் கிடைத்தது. அந்த ஆண்டின் பெட்டிட் லெ மான்ஸில் பிரபாம், எரிக் பெர்னார், வாலஸ் மூவரும் ஓட்டிய ரோட்ஸ்டர் முதலாவதாக வந்தது. தோற்றவற்றுள் பிஎம்டபிள்யூ வி12 எல்எம்ஆரும் ஒன்று. மூன்று மாதம் முன்பு லெ மான்ஸை வென்ற கார் வகை அது. பருவத்தின் முடிவில் அணிகளுக்கான பட்டமும் மிகச் சிறிய புள்ளி வித்தியாசத்தில் பேனோஸுக்கே வந்தது. பிஎம்டபிள்யூ லெ மான்ஸ் ஆயத்தத்துக்காகச் சில பந்தயங்களைத் தவிர்த்தது இதற்கு உதவியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என்றாலும் எல்லாப் பந்தயங்களுக்கும் வந்து, கார்களை முடிக்க வைப்பது நெடுநேரப் பந்தயத்தில் தனித் திறமை. சிறிய அணி அதைத்தான் செய்துகாட்டியது.

2000இல் ஆடி ஆர்8 வந்தது. பழுதான பின்பகுதி முழுவதையும் சில நிமிடங்களில் கழற்றி மாற்றிவிடும்படி வடிவமைக்கப்பட்ட அந்தக் கார், களத்தின் அளவுகோலையே உயர்த்திவிட்டது. அந்த ஆண்டு லெ மான்ஸில் முதல் மூன்று இடங்களும் ஆடிக்கே. ஜானி ஓ’கானல், ஹிரோகி கதோ, பியர்-ஆன்ரி ரஃபனெல் ஓட்டிய பேனோஸ் 5ஆவது. 60 வயதில் மரியோ ஆண்ட்ரெட்டி கடைசியாக லெ மான்ஸில் ஓட்டியதும் அந்த ஆண்டு, ஒரு பேனோஸில்தான். லெ மான்ஸ் மட்டுமே அவர் கைக்கு எட்டாத பெரிய வெற்றி. அதற்காகவே திரும்பி வந்திருந்தார். ஜூலையில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நடந்த 1000 கிலோமீட்டர் பந்தயத்தில் பிரபாமும் யான் மாக்னுசெனும் வென்றார்கள். ஜெர்மன் நிறுவனங்களை அவற்றின் சொந்த மண்ணிலேயே ஜார்ஜியாவின் கார் வீழ்த்தியது.

பிறகு வந்தது 2001. எடை குறைந்த, நவீனமான கார் வேண்டும் என்று எல்எம்பி07 உருவானது. வடிவமைப்பாளர் நைஜல் ஸ்ட்ரௌட். எஞ்சின் முன்னால்தான், ஆனால் ஃபோர்டு வழிவந்த பெரிய வி8 போய், ஸைடெக்கின் 4 லிட்டர் வி8 வந்தது. கார் வேகமாகவும் இல்லை, உறுதியாகவும் இல்லை. லெ மான்ஸை அதனால் முடிக்க முடியவில்லை. அதே பருவத்தில் அணி பழைய ரோட்ஸ்டரையே வெளியே எடுத்தது. பேனோஸின் பந்தய வரலாற்றில் மிகத் தவறான கணக்கு இதுவே எனலாம். பெரிய நிறுவனம் ஒரு தோல்விக் காரை ஓரங்கட்டிவிட்டு அடுத்ததைச் செய்யும். சிறிய நிறுவனத்துக்கு ஒரு புதிய கார் என்பதே பல ஆண்டுச் சேமிப்பு. உறுதியான, புரிந்துகொண்ட, மெதுவாகச் செதுக்கிக்கொண்டே போகக்கூடிய பெரிய எஞ்சின்தான் பேனோஸின் பலமாக இருந்தது. எல்எம்பி07இல் அதைத்தான் கைவிட்டார்கள்.

திருத்திய பழைய கார், எல்எம்பி01 எவோ என்ற பெயரில் இன்னும் இரண்டு ஆண்டுகள் ஓடியது. 2002 ஜூலையில் வாஷிங்டன் நகரில், ஆர்எஃப்கே விளையாட்டரங்கின் வாகன நிறுத்தத்தில் அமைத்த தற்காலிகத் தடத்தில், பிரபாமும் மாக்னுசெனும் ஆடிகளைத் தோற்கடித்தார்கள். அந்தக் கார் வகையின் கடைசி வெற்றி அது. 2003 லெ மான்ஸில் ஒலிவியே பெரெட்டா, கன்னர் ஜீனெட், மேக்ஸ் பாபிஸ் மூவரும் அதை 5ஆவது இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். முன்னால் இருந்த நான்கும் இரண்டு பென்ட்லிகள், இரண்டு ஆடிகள். அத்தோடு உச்சப் பிரிவிலிருந்து பேனோஸ் விலகியது.

விலகியபின் கிடைத்தது, முன்பு கிடைக்காத ஒன்று. விற்பனைக் காரான எஸ்பரான்டேயிலிருந்து உருவான ஜிடி-எல்எம், 2006இல் ஜிடி2 பிரிவில் லெ மான்ஸை வென்றது. போர்ஷேக்களும் ஃபெராரிகளும் நிறைந்த பிரிவு அது. ஓட்டியவர்கள் டாம் கிம்பர்-ஸ்மித், ரிச்சர்டு டீன், அணியின் உரிமையாளர் லாரன்ஸ் டாம்லின்சன். இந்த டாம்லின்சன்தான் இங்கிலாந்தின் சிறு நிறுவனமான ஜினெட்டாவை வாங்கியவர்; அந்த நிறுவனம் 2018இல் தன் சொந்த உச்சப் பிரிவுக் காரோடு லெ மான்ஸுக்கு வந்தது.

டொனால்ட் பேனோஸ் ஓயவில்லை. பென் பௌல்பி வரைந்த டெல்டாவிங் என்ற அம்புமுனை வடிவக் காருக்கு 2012இல் ஆதரவாக நின்றார். முன்சக்கரங்கள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இருக்கும். எடையும் சக்தியும் மற்றவற்றில் ஏறக்குறையப் பாதி. எரிபொருளும் டயரும் அதற்கேற்ப மிச்சம். புதுமுயற்சிகளுக்காக ஒதுக்கப்படும் ‘கராஜ் 56’ இடத்தில் நிசான் பெயரோடு லெ மான்ஸில் ஓடிய அந்தக் காரை, 75 சுற்றுகளுக்குப் பின் ஒரு டொயோட்டா இடித்துச் சுவரில் தள்ளியது. தடத்தில் நின்றுவிட்ட காரை விதிப்படி ஓட்டுநர் மட்டுமே பழுதுபார்க்கலாம். வேலிக்கு அப்பாலிருந்து பொறியாளர்கள் வழிசொல்ல, ஓட்டுநர் சடோஷி மோடோயாமா ஒன்றரை மணிநேரம் தடத்தோரத்தில் தனியாகப் போராடிப் பார்த்தார், கார் கிளம்பவில்லை. அக்டோபரில் பெட்டிட் லெ மான்ஸில் அதே கார் வகை ஒட்டுமொத்தத்தில் 5ஆவதாக முடித்தது. கூரையோடு கூடிய பதிப்பு 2016 வரை அமெரிக்கத் தடங்களில் ஓடியது.

2012இலேயே அவர் அமெரிக்கன் லெ மான்ஸ் தொடரை, ரோடு அட்லாண்டா உட்பட, நாஸ்காருக்கு விற்றுவிட்டார். 2014இல் அது தனக்குப் போட்டியாக இருந்த தொடரோடு இணைந்து இன்றைய இம்ஸா தொடராயிற்று. டொனால்ட் பேனோஸ் 2018 செப்டம்பர் 11 அன்று காலமானார். அவர் தொடங்கிய பெட்டிட் லெ மான்ஸ் அந்தத் தொடரின் இறுதிப் பந்தயமாக, இப்போது முழு 10 மணிநேரமும் நடக்கிறது.