நாடகக் கட்டுப்பாடு

நாடகக் கட்டுப்பாடு என்பது, மேடையேறும் நாடகங்களை நடிப்பதற்கு முன்னரே பரிசீலித்து அனுமதிக்கவோ மறுக்கவோ, நடந்துகொண்டிருக்கும்போதே நிறுத்தவோ, நடத்தியவர்களைப் பின்னர் தண்டிக்கவோ அரசாங்கம் சட்டத்தின் மூலம் ஏற்படுத்திக்கொண்ட அதிகாரத்தைக் குறிக்கும். அச்சான நூலைப் பறிமுதல் செய்வதும் திரைப்படச் சுருளைக் கத்தரிப்பதும் இதனோடு உறவுடைய காரியங்களே ஆயினும், நாடகத்தைக் கட்டுப்படுத்துவதில் தனியானதொரு சங்கடம் உண்டு. நூலும் படச்சுருளும் ஒரு முறை முடிவுற்று நிலைபெற்றுவிட்ட பொருள்கள். அதிகாரி பார்த்த உருவிலேயே ஜனங்களும் அவற்றைப் பார்க்கிறார்கள். நாடகமோ, நடிகனின் நாவிலும் சபையோரின் ஆரவாரத்திலும் ஒவ்வோர் இரவும் புதிதாய்ப் பிறப்பதாகையால், காகிதத்தில் எழுதிக் காட்டப்பட்டது ஒன்றாகவும் மேடையில் கேட்கப்பட்டது மற்றொன்றாகவும் இருக்கக்கூடும். இந்தக் காரணத்தினாலேயே, எழுத்தை ஆள முற்பட்ட நாடகச் சட்டங்கள் நடைமுறையில் நடிகனையும் கொட்டகைக்காரனையும் ஆளும் சட்டங்களாக மாறின என்பதை, இந்தியாவில் 1876 முதல் 2017 வரை நிலவிய சட்டத்தின் சரித்திரமும், அதனினும் தெளிவாகத் தமிழ் மேடையின் சரித்திரமும் காட்டுகின்றன.

இங்கிலாந்தில், ராபர்ட் வால்போல் பிரதம மந்திரியாயிருந்தபோது, ஹென்றி ஃபீல்டிங் முதலியோரின் அரசியல் கேலி நாடகங்களைப் பொறுக்கமாட்டாமல் 1737இல் இயற்றப்பட்ட சட்டமே இவ்வகையில் பெயர் பெற்றது. அரண்மனையைச் சேர்ந்த லார்டு சேம்பர்லேன் என்னும் அதிகாரியின் சம்மதமின்றிப் புதிய நாடகம் எதுவும் லண்டன் மேடையில் நடிக்கப்படலாகாது என்ற அந்த ஏற்பாடு, 1843இல் திருத்தி அமைக்கப்பெற்று, 1968 வரையில் நீடித்தது.

வங்காளத்தில் பிறந்த சட்டம்

இந்தியாவில் நாடகத்தைக் கண்டு சர்க்கார் அஞ்சத் தொடங்கியது அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைச் சித்திரித்த 'நீல் தர்ப்பண்' என்னும் வங்க நாடகத்திலிருந்து எனலாம். தீனபந்து மித்ரர் எழுதி 1860இல் வெளிவந்த அந்நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட குற்றத்திற்காக, பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு 1861இல் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அபராதத் தொகையைக் காளிபிரசன்ன சிங்கர் என்னும் வங்கச் செல்வர் அவ்விடத்திலேயே செலுத்தினார். அப்போது தண்டிக்கப்பட்டது அச்சிட்ட நூலேயன்றி மேடையன்று.

மேடையின் முறை பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்தது. வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவுக்கு விஜயம் செய்திருந்தபோது, ஜகதானந்த முகர்ஜி என்னும் வக்கீல் தம் வீட்டு அந்தப்புரத்துப் பெண்களைக் கொண்டு அவருக்கு உபசாரம் செய்வித்ததைக் கேலி செய்து, 1876 பிப்ரவரியில் கிரேட் நேஷனல் தியேட்டரார் 'கஜதானந்தனும் யுவராஜனும்' என்னும் பிரகசனத்தை நடித்தனர். போலீசார் அதை நிறுத்தவே, அதே கதை 'அனுமான் சரித்திரம்' என்ற புதுப் பெயருடன் மேடையேறியது. அதுவும் தடைபட்டதும், போலீஸ் கமிஷனர் ஹாக், சூப்பரிண்டெண்டு லாம் ஆகிய இருவர் பெயரையும் பன்றி என்றும் ஆடு என்றும் பொருள்படத் திரித்து மற்றொரு கேலி நாடகத்தை ஆடினர். இதற்கிடையே, பிப்ரவரி 29ஆம் தேதி வைசிராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தார். சில நாட்களில் அத்தியேட்டரைச் சேர்ந்த உபேந்திரநாத் தாஸ், அமிர்தலால் பாசு முதலியோர் கைதாயினர். இதில் ஊன்றிக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு: சர்க்காரின் மனத்தைப் புண்படுத்தியது இளவரசர் வருகையைப் பற்றிய கேலியாயிருக்க, நியாயஸ்தலத்தில் சுமத்தப்பட்ட குற்றமோ 'சுரேந்திர வினோதினி' என்னும் வேறொரு நாடகம் ஆபாசமானது என்பது. கீழ்க் கோர்ட்டு தண்டித்த அவர்களை ஹைகோர்ட்டு விடுதலை செய்தது. வழக்கில் தோற்ற சர்க்கார் சட்டத்தில் வெல்ல நிச்சயித்து, அவ்வாண்டு டிசம்பரில், லிட்டன் வைசிராயாயிருந்தபோது, நாடக நிகழ்ச்சிச் சட்டத்தை நிறைவேற்றியது.

அவதூறானது, சட்டப்படி அமைந்த அரசாங்கத்தின்மீது வெறுப்பைத் தூண்டக்கூடியது, காண்போரின் ஒழுக்கத்தைக் கெடுக்கக்கூடியது என்று தாம் அபிப்பிராயப்படும் எந்த நாடகத்தையும் தடை செய்ய அச்சட்டம் மாகாண அரசாங்கத்துக்கு அதிகாரம் அளித்தது. தடையை மீறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்தத் தண்டனை நடிகனோடு நிற்கவில்லை. நடத்த உதவியவன், இடம் கொடுத்த கொட்டகைச் சொந்தக்காரன், தடையை அறிந்தும் வேண்டுமென்றே போய் உட்கார்ந்து பார்த்த ரசிகன் ஆகிய எல்லோரும் குற்றவாளிகளே. மாஜிஸ்டிரேட்டின் வாரண்டு பெற்ற போலீசார் கொட்டகைக்குள் புகுந்து, இருந்தவர்களைக் கைது செய்யவும், திரைச்சீலைகளையும் உடுப்புகளையும் கைப்பற்றவும் கூடும். ஊர் ஊராகப் பெட்டியும் படுதாவும் கட்டிக்கொண்டு திரிந்து ஜீவித்த ஒரு கம்பெனிக்கு, அபராதத்தைக் காட்டிலும் அந்தப் படுதாக்களின் நஷ்டம் பெரிது.

இவ்வளவு இறுக்கமான சட்டத்தில் ஒரு விலக்கும் இருந்தது: சமயத் திருவிழாக்களில் நடக்கும் யாத்ரா முதலிய ஆட்டங்களுக்கு அது பொருந்தாது. விக்டோரியா ராணியின் மதநடுநிலைப் பிரகடனத்தை மனத்திற்கொண்டு வைக்கப்பட்ட விலக்காகலாம். தெய்வக் கதையில் அரசியல் இராது என்ற நம்பிக்கையும் அதன் பின்னே இருந்திருக்க வேண்டும். அந்நம்பிக்கை எத்துணைப் பேதைமையானது என்பதை மராட்டியர் முதலில் மெய்ப்பித்தனர். திலகரின் 'கேசரி' பத்திரிகையில் உடனுழைத்த கிருஷ்ணாஜி பிரபாகர் காடில்கர் 1907இல் மேடையேற்றிய 'கீசகவதம்' பாரதக் கதையைச் சற்றும் மாற்றாமலே சொல்லிற்று. ஆயினும் கீசகனிடத்தில் கர்ஸான் பிரபுவையும், அவமானப்பட்ட திரௌபதியிடத்தில் பாரத தேசத்தையும், பொறுமை போதித்த தருமனிடத்தில் மிதவாதிகளையும், பொறாது எழுந்த பீமனிடத்தில் தீவிரவாதிகளையும் காணாத ரசிகன் இல்லை. 1910இல் அது தடை செய்யப்பட்டது.

தமிழ் மேடையில்

தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த வழியில் வளர்ந்த ஸ்பெஷல் நாடகம், இத்தகைய சட்டத்துக்குச் சற்றும் பிடிகொடாத தன்மை வாய்ந்தது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும் வந்து, அன்றிரவே மேடையில் சந்தித்து, தெரிந்த கதையைத் தர்க்கத்தாலும் பாட்டாலும் விடியும் வரை வளர்த்துச் செல்வார்கள்; ஆர்மோனியக்காரரும் பபூனும் தத்தம் பங்குக்குச் சேர்ப்பார்கள். 'வள்ளி திருமணம்' என்று நோட்டீசில் அச்சிட்டிருந்தால், எழுத்தில் அதைப் பரிசீலிக்கும் அதிகாரிக்கு முருகக் கடவுளின் கதையைத் தவிர வேறொன்றும் தென்படாது. தினைப்புனத்தில் வள்ளி பறவைகளை ஓட்டும் ஆலோலக் கட்டத்திலோ, மேடையில் நின்ற வேலன் வெள்ளைக் கொக்குகளை விரட்டிப் பாடத் தொடங்கியதும், எந்தக் கொக்கு என்று கொட்டகை முழுவதற்கும் விளங்கிவிடும்.

அந்தப் பாட்டைப் பாடிப் பாடிச் சிறை சென்றவர் சிவகாசியிற் பிறந்த விசுவநாததாஸ். முடிதிருத்தும் மருத்துவர் குலத்தில் தோன்றியதால் மேடையில் தம்முடன் நடிக்க மறுத்தவர்களின் இழிவுரையையும், தேசியப் பாடல்களால் வந்த போலீசாரின் தொல்லையையும் ஒருங்கே தாங்கிய அவரை, எழுதப்பட்ட ஒரு நாடகத்தைத் தடுத்து அடக்க வழியில்லாமையால், ஆளையே பிடித்துச் சிறையிலிடுவது வழக்கமாயிற்று. எத்தனை முறை பிடித்தபோதிலும், வெளிவந்த மறுநாள் அடுத்த ஊரில் வேலன் வேடத்தில் அவர் நின்றார். 1940 டிசம்பர் 31ஆம் தேதி சென்னையில் அதே 'வள்ளி திருமண'த்தில் முருகனாக வீற்றிருந்து பாடிக்கொண்டிருக்கையில் மேடையிலேயே உயிர் துறந்தார். அவருடன் நடித்த மதுரை கே.பி. ஜானகி அம்மாளும் மேடையிலிருந்து அரசியலுக்குச் சென்று சிறைவாசம் அனுபவித்தவர். மதுரகவி பாஸ்கரதாஸின் தேசியப் பாடல்கள் இவர்களைப் போன்றோர் நாவில் ஏறி, எழுத்தறியாத ஜனங்களிடம் பத்திரிகை செல்ல முடியாத இடமெல்லாம் சென்றன. இவர்களுடைய தியாகத்துக்குத் தமிழ்நாட்டின் விடுதலைச் சரித்திரம் தந்திருக்கும் இடம் மிகவும் குறைவு என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

எழுதி முடித்து ஒத்திகை பார்த்து நடத்தும் கம்பெனிகளின் நிலை வேறு. அவர்களுடைய நாடகத்துக்குப் பிரதி உண்டு. ஆகவே அவர்களைப் பிடிப்பது எளிது, அவர்கள் தப்பும் உபாயமும் பெயர் மாற்றமே. வெ. சாமிநாத சர்மா இயற்றித் தடைக்குள்ளான 'பாணபுரத்து வீரன்' நாடகத்தை, டி.கே.எஸ். சகோதரர்கள் 1931இல் 'தேசபக்தி' என்று பெயரிட்டு நடித்தனர், அதில் என்.எஸ். கிருஷ்ணன் காந்தி மகானின் கதையை வில்லுப்பாட்டாகப் பாடினார். 1876இல் கல்கத்தாக்காரர்கள் கையாண்ட அதே தந்திரம் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் பலித்தது. பெயரைப் பார்த்து ஆணை எழுதும் வழக்கத்தைச் சர்க்கார் கைவிடவில்லை.

எனினும் நடிகர்களின் இத்தகைய சாமர்த்தியத்தைப் பாராட்டும் உற்சாகத்தில், சட்டம் செய்த மெய்யான தீங்கை மறந்துவிடலாகாது. தடையுற்றுப் பின் வேறு பெயரில் வந்த நாடகங்களை நாம் அறிவோம். கொட்டகைக்காரர் இடம் கொடுக்க அஞ்சியதாலும், காண்டிராக்டர் முன்பணம் தரத் தயங்கியதாலும், ஆசிரியரே தொல்லை எதற்கென்று பேனாவைக் கீழே வைத்ததாலும் எழுதப்படாமற்போன நாடகங்களுக்குக் கணக்கில்லை. புராணக் கதைகளின் பிடியிலிருந்து தமிழ் மேடை விடுபடத் தாமதித்ததற்கு ரசிகர்களின் ருசியைக் காரணம் காட்டுவது வழக்கம்; தெய்வக் கதைக்குள் ஒளிந்துகொண்டால்தான் எதையும் சொல்ல முடியும் என்ற நிர்ப்பந்தத்துக்கும் அதில் ஒரு பங்குண்டு.

விடுதலைக்குப் பின்

1950இல் வந்த அரசியலமைப்பு பேச்சுரிமையை அடிப்படை உரிமையாக்கிற்று. ஆயினும் அந்நிய ஆட்சி தன் பாதுகாப்புக்காக வகுத்த 1876ஆம் ஆண்டுச் சட்டத்தை எவரும் நீக்கவில்லை. 1953இல் லக்னோவில் இந்திய மக்கள் நாடக மன்றத்தார் பிரேம்சந்தின் 'ஈத்கா' கதையை நாடகமாக நடித்தபோது இச்சட்டமே அவர்கள்மீது பாய்ந்தது. அலகாபாத் ஹைகோர்ட்டு 1956இல் அது அரசியலமைப்புக்கு முரணானதென்று தீர்ப்பளித்தது.

சென்னை ராஜ்யம் அதற்குள் தனக்கெனப் புதுச் சட்டமொன்றைச் செய்துகொண்டுவிட்டது. திருவாரூர் கே. தங்கராசு எழுத, எம்.ஆர். ராதா நடித்த ராமாயண நாடகம் 1954இல் பக்தர்களிடையே பெருங் கொந்தளிப்பை உண்டாக்கிய சூழ்நிலையில், அவ்வாண்டின் இறுதியில், காமராஜர் முதலமைச்சராயிருந்த காலத்தில், சென்னை நாடக நிகழ்ச்சிச் சட்டம் நிறைவேறிற்று. வன்முறையைத் தூண்டுவது, ஒரு வகுப்பாரின் சமய உணர்ச்சியை வேண்டுமென்றே புண்படுத்துவது, ஆபாசமானது முதலிய காரணங்களுக்காக நாடகங்களைத் தடை செய்யவும், பிரதியை முன்கூட்டியே கேட்டுப் பெறவும் அது வழிசெய்தது. ராதா ஒருவரையே கருதிச் செய்யப்பட்ட சட்டம் என்று அன்றும் பின்னும் ஜனங்கள் பேசினர். அவரோ, பழைய ஸ்பெஷல் நாடக மரபில் ஊறியவர். அன்றாடச் செய்தியை அன்றிரவே வசனத்தில் சேர்த்துப் பேசும் பழக்கமுடையவர். பிரதியைப் படித்து அனுமதி தரும் ஏற்பாடு அத்தகையவரிடம் என்ன பயன் தரும்? விசுவநாததாஸுக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது: பலமுறை கைது, பலமுறை தடை, பலமுறை மீண்டும் மேடை.

அவருடைய கருத்துகளை ஏற்காதவர்களும் இங்கே ஒன்றை யோசிக்க வேண்டும். ஒருவரை நினைத்து இயற்றப்படும் சட்டம் அவரோடு போய்விடுவதில்லை. ராதா 1979இல் மறைந்தார். சட்டமோ அதற்குப் பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, யாரையும் புண்படுத்தும் எண்ணமே இல்லாத சிறு நாடகக் குழுக்களையும் தங்கள் பிரதியைத் தூக்கிக்கொண்டு போலீஸ் அலுவலகத்துக்கு அலையச் செய்தது. கலையில் எது நயம், எது நஞ்சு என்று நிர்ணயிக்கும் பொறுப்பை, திருட்டையும் கொலையையும் விசாரிக்கப் பயிற்சி பெற்றவர்களிடம் ஒப்படைத்ததைக் காட்டிலும் பெரிய அநீதியைத் தமிழ் மேடைக்கு எவரும் இழைத்ததாகச் சொல்ல முடியாது.

'பரீக்ஷா' நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், அச்சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் அரசியலமைப்புக்கு மாறானவை என்று 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து அவற்றை ரத்துச் செய்தது. மேடைக்கு விமோசனம் கிடைத்த அதே ஆண்டில், தணிக்கைச் சான்றிதழ் பெற்ற 'விஸ்வரூபம்' திரைப்படம், பொது அமைதியைக் காரணம் காட்டிய மாவட்ட ஆட்சியர்களின் 144 தடையுத்தரவுகளால் தமிழகத் திரையரங்குகளில் சில நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. தனிச் சட்டம் இல்லாதபோதும் பொதுச் சட்டம் அதே வேலையைச் செய்யும் என்பதற்கு அது உதாரணம்.

1876ஆம் ஆண்டுச் சட்டத்தை, பயனற்றுப்போன பழஞ்சட்டங்களை நீக்கும் ஏற்பாட்டில் ஒன்றாக, 2017இல் பாராளுமன்றம் ரத்துச் செய்தது. மகாராஷ்டிரத்திலோ, 1951ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, நாடகப் பிரதியை மேடை நிகழ்ச்சிப் பரிசீலனை வாரியத்திடம் கொடுத்துச் சான்றிதழ் பெற்ற பின்னரே பொதுமேடையில் நடிக்க வேண்டும் என்ற முறை இன்னும் அமலில் இருக்கிறது.