பிரளயக் கதைகள் வரலாறாகுமா?

உலகை வெள்ளம் மூழ்கடித்தது. தெய்வத்தின் எச்சரிக்கை பெற்ற ஒருவன் மட்டும் ஓடம் அமைத்து உயிர் தப்பினான். இக்கதை விவிலியத்தில் நோவாவின் வரலாறாக உள்ளது. வடமொழிச் சதபத பிராமணத்தில் மனுவின் வரலாறாக உள்ளது. பாபிலோனியரின் களிமண் ஏடுகளிலும் உள்ளது. இத்தனை நூல்கள் ஒன்றையே கூறுமாயின், அது நடந்த செய்தியாகத்தானே இருத்தல் வேண்டும் என வினவுவோர் பலர். அவ்வினாவை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. சான்று கூறுவோர் பலராயிருப்பது வழக்கிற்கு வலிமை தருவதே. ஆனால், அச்சான்றுகள் தனித்தனியே கண்டவையா, ஒருவர் சொல்லக் கேட்டு மற்றவர் சொன்னவையா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

இந்த ஆராய்ச்சிக்கு வழி திறந்தவர் ஜார்ஜ் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர். இவர் இளமையில் பயின்றது பணத்தாள் அச்சிடத் தகடு செதுக்கும் தொழில். ஆர்வமே துணையாகப் பழைய ஆப்பு வடிவ எழுத்தைக் கற்றுப் பிரிட்டிஷ் மியூசியத்தில் அமர்ந்தார். கி.மு. ஏழாம் நூற்றாண்டில் நினவே நகரில் ஆண்ட அசுர்பனிபால் மன்னனின் நூலகத்து உடைந்த ஏடுகள் அங்கே குவிந்து கிடந்தன. 1872-ஆம் ஆண்டு அவற்றுள் ஒன்றைப் படித்து வருகையில், மலைமேல் தங்கிய ஒரு கப்பலும், அதிலிருந்து பறக்கவிடப்பட்டு, கால் ஊன்ற இடமின்றித் திரும்பி வந்த ஒரு புறாவும் அவர் கண்ணில் பட்டன. அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள் இலண்டனில் அவர் இதனை விரித்துரைத்தபோது, பிரதமர் கிளாட்ஸ்டனும் அவையில் இருந்து கேட்டார்.

விவிலியத்திற்குப் புறச்சான்று கிடைத்ததென மகிழ்ந்தோர் உண்டு. எனினும், ஏடுகள் மேலும் மேலும் கிடைக்கக் கிடைக்க வேறொன்று புலனாயிற்று. கில்காமேஷ் காவியத்தில் உத்நபிஷ்டிம் எனப்படுபவனே, கி.மு. 17-ஆம் நூற்றாண்டில் படியெடுக்கப்பட்ட ஏடுகளில் அத்ரஹாசிஸ் என்னும் பெயருடன் வருகிறான். சுமேரிய மொழியில் அவன் பெயர் சியுசுத்ரா. பறவைகளை விடுத்து நிலம் தேடுவதும், மலையுச்சியில் ஓடம் தங்குவதும், வேள்வியின் நறுமணத்தைத் தெய்வம் நுகர்வதும் நோவாவின் கதையிலும் அவ்வண்ணமே உள்ளன. இரு சாட்சிகள் சொல்லுக்குச் சொல் ஒன்றாகப் பேசினால் நீதிபதி மகிழமாட்டார், ஐயுறவே செய்வார். இங்கு இருப்பவை இரண்டு சான்றுகள் அல்ல. வழிவழி வந்த ஒரே கதை.

அக்கதை பிறந்த இடத்தையும் அதுவே காட்டிக்கொடுக்கிறது. 2014-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மியூசியத்து அறிஞர் இர்விங் ஃபிங்கல் வெளியிட்ட, ஏறத்தாழ மூவாயிரத்து எழுநூறு ஆண்டுப் பழமையுடைய ஓர் ஏட்டில், ஓடத்தை வட்டமாகக் கட்டுமாறு தெய்வம் ஆணையிடுகிறது. கயிற்றைச் சுற்றிச் சுற்றி வளைத்து, நிலக்கீல் பூசி அமைப்பது அது. ஒகேனக்கல்லிலோ துங்கபத்திரையிலோ பரிசல் ஏறிய நம்மவர்க்கு அவ்வடிவம் புதிதன்று. டைகிரீஸ், யூப்ரடீஸ் ஆறுகளிலும் அத்தகைய வட்ட ஓடங்கள் இருபதாம் நூற்றாண்டுவரை ஓடின. கதை சொன்னவன் தன் ஆற்றில் கண்ட பரிசலையே பெரிதாக்கிப் பேழையாக்கினான்.

ஆயின், வெள்ளம் வெறுங் கற்பனையோ? அன்று. 1929-ஆம் ஆண்டளவில் ஊர் என்னும் பழம்பதியை அகழ்ந்த லியோனார்ட் வுல்லி, மக்கள் வாழ்ந்த தடயங்களுக்கு இடையே பதினோரடி வரை கனமுள்ள தூய வண்டல் படுகையைக் கண்டார். பிரளயத்தின் சேறே அகப்பட்டதென உலகெங்கும் செய்தி பரவிற்று. ஆனால், ஏறத்தாழப் பன்னிரண்டு கல் தொலைவிலுள்ள எரிதுவில் அத்தகைய படுகை இல்லை. சியுசுத்ராவின் நகரெனப்படும் சுருப்பக்கில் வண்டல் உண்டு. அதுவோ ஊர் நகரத்து வண்டலுக்குப் பன்னூறு ஆண்டு பிற்பட்டது. ஆகவே, வந்தவை பல வெள்ளங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மேடு காணாத அச்சமவெளியில் வாழ்ந்தவனுக்கு, அவன் வெளி மூழ்கியதே உலகம் மூழ்கியதாயிற்று.

பாதிரியார் அஷ்ஷர் பதினேழாம் நூற்றாண்டில் விவிலியத் தலைமுறைகளைக் கூட்டிக் கணக்கிட்டு, பிரளயம் கி.மு. 2348-இல் வந்ததென்றார். அக்காலத்தில் மொகஞ்சதாரோவும் ஹரப்பாவும் செழித்திருந்தன. எகிப்தில் கீசாவின் பிரமிடுகள் எழுந்து இருநூறு ஆண்டு ஆகியிருந்தது. அம்மக்கள் இடையில் அழிந்தாரில்லை. மொகஞ்சதாரோவில் சிந்துவின் வண்டல் உண்டு. அதன்மேல் மீண்டும் மேடை எழுப்பி வீடு கட்டிய செங்கல்லும் உண்டு. உலகப் பிரளயத்திற்கு நிலவியற் சான்று காட்டி 1823-இல் நூல் எழுதிய வில்லியம் பக்லாண்ட் என்னும் சமயகுருவே, 1836-இல் அக்கருத்தைக் கைவிட்டார். அந்நேர்மை போற்றத்தக்கது.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். சதபத பிராமணத்தில் மனு கைகழுவும் நீரில் சிறு மீன் ஒன்று வருகிறது. காப்பாற்றினால் காப்பாற்றுவேன் என்கிறது. வளர்ந்த மீனின் கொம்பில் கட்டிய ஓடம் வடமலையை அடைகிறது. நோவாவின் காலத்து வெள்ளம் மாந்தர் பாவத்திற்குத் தண்டனை. இங்கோ பாவம் என்னும் பேச்சே இல்லை. மகாபாரதம் ஓடம் கட்டிய சிகரத்தை இமயத்தில் வைக்கிறது; இமாசலத்து மணாலியில் மனுவுக்குக் கோயிலும் உண்டு. பாகவத புராணமோ, மீனைக் கையில் ஏந்தியவன் திராவிட நாட்டு அரசன் சத்தியவிரதன் என்றும், ஆறு கிருதமாலை என்றும் கூறும். கிருதமாலையை வையை என்பது மரபு. பாகவதம் தென்னாட்டில் எழுந்ததென ஆராய்ச்சியாளர் பலர் கருதுவதும் இங்கு நினைக்கத்தக்கது. நிகழ்ச்சி ஓரிடத்தில்தான் நிகழும். கதையோ சொல்பவர் ஊருக்கெல்லாம் குடிபெயரும்.

இதுவரை பிறர் ஏடுகளை நிறுத்துப் பார்த்தோம். பிற மாநிலங்களில் வாழும் நம்மிடம், உங்கள் குமரிக்கண்டம் உண்மையா என அண்டை வீட்டார் கேட்கும்போது, வேறு தராசை எடுக்கலாமோ? இறையனார் களவியலுரை முச்சங்கங்களுக்கு 4440, 3700, 1850 என ஆண்டு வகுத்து, தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டதென்கிறது. அடியார்க்குநல்லார் அழிந்த நிலத்தை எழுநூற்றுக் காவதம் என்பார். கடல் நிலத்தைக் கொள்ளும் என்பது மெய். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் உறைபனிக் காலத்தில் கடல் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. நமக்கும் ஈழத்திற்கும் இடையே தரை இருந்தது. 1964-இல் தனுஷ்கோடியையும் 2004-இல் நாகைக் கரையையும் கண்டவர் இதனை மறுக்கார். ஆனால், கண்டம் என்பது வேறு. இலெமூரியா என்னும் பெயரை 1864-இல் இட்டவர் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலார். மடகாஸ்கர் விலங்குகளின் உறவை விளக்க எண்ணிய ஊகம் அது. நிலத்தட்டுகள் நகர்வது 1960-களில் நிறுவப்பட்டபின் அவ்வூகம் வேண்டாததாயிற்று. எழுநூற்றுக் காவதத்தையும் நோவாவின் பேழைக்கு அளந்த கோலாலேயே நாம் அளத்தல் வேண்டும்.

அவ்வாறு அளந்தபின்னும் களவியலுரையில் எஞ்சுவது ஒன்றுண்டு. முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை எனத் தலைச்சங்கத்து நூற்பெயர்களை அவ்வுரை எண்ணி வைத்துள்ளது. நிலம் போனதற்குக் காவதக் கணக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. நூல் போனதற்கு அவ்வுரைகாரர் தம்மிடமிருந்த பெயர்ப்பட்டியலை மட்டுமே எழுதினார்.