வெயிலில் கிடந்த பீப்பாய்

1920 வாக்கில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளில் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. எஞ்சின், சேஸிஸ், பாடி எல்லாம் மளமளவென்று தயாராகிவிடும். அதன்பிறகு பாடி வாரக்கணக்கில் சும்மா நிற்கும். காரணம், பெயிண்ட் காயவில்லை. குதிரை வண்டிக்குப் பூசிய அதே ஆளிவிதை எண்ணெய் வார்னிஷைத்தான் காருக்கும் பூசினார்கள். பிரஷ்ஷால் ஒரு கோட், காயவிட்டுத் தேய்ப்பு, மறுபடி ஒரு கோட். நடுவில் தூசி விழுந்தால் மறுபடியும் தேய்ப்புதான். ஹென்றி ஃபோர்டோ அடுப்பில் வைத்து வேகமாக உலர்த்தும் எனாமலைப் பிடித்துக்கொண்டு, 1914 முதல் 1925 வரை தன் மாடல் டி கார்களைக் கறுப்பிலேயே விற்றார். நிறமும் வேண்டும், வேகமும் வேண்டும் என்று அடம்பிடித்தவர் இன்னொருவர்.

அவர் ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சித் தலைவர் சார்ல்ஸ் கெட்டரிங். கையால் சுற்றிக் கிளப்பிய காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் தந்தவர். பெயிண்ட் நிபுணர்களைக் கூட்டி, காயும் நாட்களை எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டார். முக்கி முனகிச் சில நாள் குறைக்கலாம் என்றார்கள். அவர் எதிர்பார்த்ததோ ஒரு மணி நேரம்! அறையில் இருந்தவர்கள் அவரை ஒருமாதிரி பார்த்தார்கள். பிறகு நியூயார்க் கடையொன்றில், பளபளவென்று அரக்குப் பூசிய ஒரு சின்னத் தட்டு அவர் கண்ணில் பட்டது. விசாரித்துக்கொண்டே போய் அதன் பூச்சைச் செய்தவரைக் கண்டுபிடித்தார். ஆனால், கார் கதவு அளவுக்குப் பூச இது உதவாது, அத்தனை சீக்கிரம் காய்ந்துவிடும் என்று அந்த மனிதர் கையை விரித்துவிட்டார்.

விடை வேறொரு கூரையின் கீழ் காத்திருந்தது. முதல் உலகப் போரில் வெடிமருந்து விற்றுக் கொழித்த டூபான்ட் நிறுவனம், போர் முடிந்ததும் கையில் மிஞ்சிய நைட்ரோசெல்லுலோஸை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று தேடிக்கொண்டிருந்தது. அந்தத் தேடலின் ஒரு கிளை, நியூ ஜெர்சியின் பார்லினில் நடந்த சினிமா ஃபிலிம் ஆராய்ச்சி. ஃபிலிமில் மின்பொறி தட்டாமலிருக்க, கரைசலில் சோடியம் அசிடேட் சேர்த்துப் பார்த்தார்கள். 1920 ஜூலையில், அமெரிக்கச் சுதந்திர தினத்தை ஒட்டி வேலை தடைப்பட்டது. ஒரு பீப்பாய் கரைசல் கோடைச் சூட்டில் அப்படியே கிடந்துவிட்டது. திரும்பி வந்து திறந்தபோது, தேனாக இருக்க வேண்டியது தண்ணீராக இளகிக் கிடந்தது.

கெட்டுப்போன சரக்கு என்று கொட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எட்மண்ட் ஃப்ளாஹர்ட்டி தலைமையிலான வேதியியலாளர்கள் கொட்டவில்லை. அதுவரை கரைசலை ஸ்ப்ரே அடிக்கும் பதத்துக்குக் கொண்டுவர ஏகப்பட்ட தின்னர் ஊற்ற வேண்டும். தின்னர் பறந்ததும் மிஞ்சுவது சருகு போன்ற படலம். இதுவோ தின்னரே அதிகம் கேட்காமல் இளகியிருந்தது. ஆகவே நிறமிகளைத் தாராளமாகச் சேர்க்கலாம், கனமாகவும் பூசலாம். அப்போது ஜெனரல் மோட்டார்ஸில் பெரும் பங்கு வைத்திருந்ததே டூபான்ட்தான். கெட்டரிங்கும் டூபான்ட் வேதியியலாளர்களும் கைகோத்தார்கள். இரும்பில் ஒட்ட வேண்டும், விரிசல் விடக் கூடாது. அதற்கே சுமார் மூன்று ஆண்டுகள் பிடித்தன.

1923-இல், அடுத்த ஆண்டு மாடலாக வந்த ஓக்லண்ட் கார் 'ட்ரூ புளூ' என்ற நீலத்தில் மின்னியது. அவநம்பிக்கை கொண்ட ஒரு பெயிண்ட் ஆசாமியைக் கெட்டரிங் மதிய உணவுக்கு உட்கார்த்திவைத்தார் என்றும், அவர் வெளியே வந்தபோது அவருடைய காரே வேறு நிறத்தில் நின்றது என்றும் ஒரு கதை சொல்வார்கள். வாரங்கள் மணிகளாகச் சுருங்கிவிட்டன. அந்தப் பூச்சின் பெயர், இன்றும் நம் ஊர் பெயிண்டர்களும் தச்சர்களும் சாதாரணமாகச் சொல்லும் பெயர்தான்: டூகோ.

நிறங்கள் மடைதிறந்தன. இரட்டை நிறக் கார் நாகரிகமாயிற்று. இரண்டு நிறங்களுக்கிடையே கோடு நேராக வராமல் பெயிண்டர்கள் திண்டாடியதைப் பார்த்துத்தான் 1925-இல் ரிச்சர்ட் ட்ரூ என்பவர் மாஸ்கிங் டேப்பைக் கொண்டுவந்தார். பட்டறைக்கு வரவிருந்த பெரிய தலைவலியோ வேறு. கறுப்புக் காரில் அடிபட்டால் கறுப்பை எடுத்துப் பூசினால் போதும். நீலக் காருக்கு எந்த நீலம்?

தொழிற்சாலை தந்த நிற எண்ணைப் பார்த்து அதே நீலத்தைக் கலந்தாலும் பழைய காரில் ஷேடு சேராது. நைட்ரோசெல்லுலோஸ் வெயிலில் மஞ்சளாகும், அதனால் நீலம் பச்சையை நோக்கி நகரும், வெள்ளை பழுப்பேறும். டியூப்லைட்டின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு பூச்சுகள், வெளியே வெயிலில் வெவ்வேறாகக்கூடத் தெரியலாம். ஆனால் அந்தப் பீப்பாய்ப் பூச்சு ஒரு வரத்தையும் கூடவே கொண்டுவந்தது. அது வேதிமாற்றம் எதுவுமின்றி, தின்னர் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது. அதனால் பல்லாண்டு கழித்து அதன்மேல் அடிக்கும் புதுக் கோட்டும் பழையதைச் சற்றே கரைத்து அதனோடு கலந்துவிடுகிறது. விளிம்பு தெரியாது. இறுகிக் காய்ந்த எனாமலில் இது நடக்காது.

ஆகவே விவரமறிந்த பெயிண்டர் நிறத்தை எண்ணில் தேடுவதில்லை. டாஷ்போர்டுக்கு அடியில், கதவின் உள்பலகைக்குப் பின்னால், வெயில் படாத இடத்தைத் தேடுகிறார். வெளிப்பக்கத்தை ரப்பிங் காம்பவுண்டால் தேய்த்து, மங்கிய படலம் போனபின் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுகிறார். சோதனைத் தகட்டில் அடித்து, முழுக்கக் காய்ந்தபின் பார்க்கிறார், ஏனெனில் ஈரத்தில் தெரியும் ஷேடு காய்ந்தால் மாறும். முழுக் காருக்கும் புதுப்பூச்சு என்றால் வெயில் படாத இடத்து நிறமே சரி. ஒரு மட்கார்டு மட்டும் என்றால் வெயிலில் மாறிய நிறத்தைத்தான் கலக்க வேண்டும்.