மருந்துக்குச் சட்டை போட்ட கதை

2021 மே மாசம். கொரோனா இரண்டாம் அலை உச்சத்துல இருந்தப்போ திருநெல்வேலிக்குக் கருப்புப் பூஞ்சை நோயாளிகள் வர ஆரம்பிச்சாங்க. மே 20ஆம் தேதி தமிழ்நாடு அரசு அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சது. அந்த வாரம் ஒரு அம்மா என்கிட்ட கேட்ட கேள்விக்குத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரங்க. வீட்டுக்காரருக்குக் கண்ணுக்குப் பின்னால வரை பூஞ்சை போயிருந்தது. லைபோசோமல் ஆம்போடெரிசின் பி எங்கே தேடியும் கிடைக்கல. பழைய சாதா ஆம்போடெரிசினைப் போட்டோம். நாலே நாள்ல கிரியாட்டினின் 1.0ல இருந்து 2.6 ஆச்சு. அஞ்சாம் நாள் லைபோசோமல் வந்தது. கிலோவுக்கு 5 மி.கி., ஆள் 60 கிலோ, ஒரு குப்பியில 50 மி.கி. அப்போ ஒரு நாளைக்கே 6 குப்பி.

அந்த அம்மா ரெண்டு வகைக் காலிக் குப்பியையும் கையில வச்சுக்கிட்டு, "ஏன்யா, ரெண்டுலயும் ஒரே பேருதான எழுதியிருக்கு? இது மட்டும் எப்படி கிட்னியைக் கெடுக்க மாட்டேங்கு?" என்று கேட்டாங்க. "இது கொழுப்புக்குள்ள பொதிஞ்ச மருந்தும்மா" என்று சொல்லிட்டு அடுத்த படுக்கைக்கு ஓடிட்டேன். தப்பான பதில் இல்லை. ஆனா பாதி பதில்.

மீதிப் பாதி 1903ல ஆரம்பிக்குது.

அந்த வருஷம் லண்டன்ல ஆல்ம்ராத் ரைட்டும் டக்ளஸும் ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சாங்க. நம்ம ரத்த வெள்ளணுக்கள் கிருமியைச் சும்மா தின்னுறதில்லை. ரத்தத்துல இருக்கிற சில புரதங்கள் முதல்ல கிருமி மேல படியணும், அப்புறம்தான் வெள்ளணு வாயைத் திறக்கும். அந்தப் புரதங்களுக்கு ரைட் வச்ச பேர் ஆப்சோனின். கிரேக்கத்துல 'ஆப்சோன்' என்றால் ரொட்டியோட சேர்த்துத் தின்னுற பதார்த்தம். நம்ம பாஷையில சொன்னா 'தொட்டுக்க'. வெறும் இட்லியைக் குழந்தை தொடாது. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிக் கொடுத்தா உள்ளே போயிரும். நோய் எதிர்ப்பியல்ல இதைவிட நல்ல பேர் வேற இல்லை என்பது என் கட்சி.

அதே 1903 ஜூன் மாசம், மெட்ராஸ் அரசு பொது மருத்துவமனையில சார்லஸ் டொனோவன் என்ற டாக்டர், மண்ணீரல் வீங்கிச் செத்த ஒரு நோயாளியின் மண்ணீரலைத் தடவி ஸ்லைடு எடுத்துப் பார்த்தார். உள்ளே சின்னச் சின்ன முட்டை மாதிரி உருவங்கள். ஜூலையில உயிரோட இருந்த ஒரு நோயாளி மண்ணீரல்ல ஊசி போட்டு எடுத்தும் அதையே பார்த்தார். இங்கிலாந்துல லீஷ்மன் அதே உருவங்களைப் பார்த்து மே மாசமே எழுதியிருந்தார், ஆனா வேற ஒட்டுண்ணியின் சிதைஞ்ச மிச்சம் என்று நினைச்சார். ரெண்டு பேர் பேரையும் சேர்த்து லீஷ்மேனியா டொனோவனி என்று பேர் வச்சவர் ரொனால்ட் ராஸ். நோய், காலா அசார். இன்னைக்கும் எம்.பி.பி.எஸ். பசங்க 'எல்.டி. பாடி' என்று மனப்பாடம் பண்றது இதைத்தான். அதுல இருக்கிற 'டி' நம்ம சென்னையில வேலை பார்த்த மனுஷன்.

இந்தக் கிருமியோட குணத்தைக் கவனிங்க. கிருமியைத் தின்னு அழிக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளேயே போய் இது குடித்தனம் பண்ணுது. போலீஸ் ஸ்டேஷன்ல வாடகைக்கு இருக்கிற திருடன். ஊசி மருந்து ரத்தத்துல சுத்தும், கிட்னியை இடிக்கும், மேக்ரோஃபேஜுக்குள்ள போதுமான அளவு போய்ச் சேராது.

இப்போ 1965க்கு வாங்க. கேம்பிரிட்ஜ் பக்கத்துல அலெக் பேங்கம், கொழுப்பைத் தண்ணியில கலக்கினா தானாவே நுண்ணிய குமிழிகள் உண்டாகுது என்று காட்டினார். அதுதான் லைபோசோம். மருந்தை உள்ளே வச்சு வேண்டிய இடத்துக்கு அனுப்பலாமே என்று 70கள்ல எல்லாரும் கிளம்பினாங்க. நடந்தது என்ன? ரத்தத்துல இறங்கின உடனே குமிழி மேல ஆப்சோனின் படியுது. கல்லீரல்லயும் மண்ணீரல்லயும் உட்கார்ந்திருக்கிற மேக்ரோஃபேஜ் அதை அள்ளி விழுங்கிடுது. புற்றுக்கட்டிக்குப் போக வேண்டிய மருந்து கல்லீரல்ல போய் முடியுது. ஆராய்ச்சியாளர்கள் தலையில கை வச்சாங்க.

சிலர் மட்டும் வேற மாதிரி யோசிச்சாங்க. மேக்ரோஃபேஜ் தின்னுதா? தின்னட்டுமே, லீஷ்மேனியா அங்கேதானே இருக்கு! 1977, 78ல தனித்தனியா மூணு குழுக்கள், ஆன்டிமனி மருந்தை லைபோசோமுக்குள்ள வச்சு விலங்குகளுக்குக் கொடுத்தாங்க. வெறும் மருந்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு குறைஞ்ச டோஸே வேலை செஞ்சது.

இங்கே நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் வர்றார். பிமல் குமார் பச்சாவத். கல்கத்தாக்காரர், ஆனா பல வருஷம் வேலூர் சி.எம்.சி.யில நரம்பு வேதியியல் ஆய்வகம் நடத்தினவர். 1962ல பட்நாகர் விருது வாங்கினவர். அப்புறம் கல்கத்தா போய், லைபோசோம் மேல சர்க்கரை மூலக்கூறுகளைப் பூசிப் பார்த்தார். அவர் குழு 80களின் தொடக்கத்துல வெளியிட்ட எலி ஆய்வுகள் ரொம்ப அழகு. உள்ளே இருக்கிறது ஒரே சரக்கு, மேல்பூச்சு மட்டும் வேற. கேலக்டோஸ் பூசினா கல்லீரலின் வேலைக்கார செல்கள் எடுத்துக்கிடுது. மேனோஸ் பூசினா அதே கல்லீரல்ல இருக்கிற மேக்ரோஃபேஜ் மாதிரியான செல்கள் எடுத்துக்கிடுது. மேக்ரோஃபேஜ் மேல மேனோஸைப் பிடிக்கிற கொக்கி இருக்கிறதுதான் காரணம். இதே கல்கத்தா, லக்னோ ஆய்வகங்கள்ல சர்க்கரை, டஃப்ட்சின் பூசின லைபோசோம்களைக் காலா அசாருக்கு எதிரா வருஷக்கணக்கா சோதிச்சாங்க. நம்ம பாடப் புத்தகங்கள்ல இதெல்லாம் ஒரு வரிகூடக் கிடையாது. எனக்கு இதுல வருத்தம் உண்டு.

உலகம் நேர் எதிர் திசையில போச்சு. 1990 வாக்குல பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமா 'பெக்', அதை லைபோசோம் மேல முடி மாதிரி நட்டாங்க. (மலச்சிக்கலுக்கு நாம தர்ற பவுடரும் இதே குடும்பம்தான்.) அந்த முடிகள் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு அசைஞ்சுக்கிட்டே இருக்கும், புரதம் வந்து ஒட்ட இடம் கிடைக்காது. தொட்டுக்க இல்லாத இட்லி, மேக்ரோஃபேஜ் சீந்தாது. இப்படி வந்ததுதான் டாக்சில், 1995ல அமெரிக்க அனுமதி. ரத்தத்துல ரெண்டு நாளுக்கு மேல சுத்தும், இதயத்துக்குப் பாதிப்பு குறைவு. 2012ல அமெரிக்காவுல டாக்சில் தட்டுப்பாடு வந்தப்போ, நம்ம சன் பார்மாவோட லிபோடாக்ஸைத்தான் இறக்குமதி பண்ண விட்டாங்க.

ஆனா அந்தச் சட்டைக்கும் விலை உண்டு. ரொம்ப நேரம் சுத்துற மருந்து உள்ளங்கை, உள்ளங்கால் தோல்ல கசிஞ்சு உரியும். கீமோ வார்டுல இதைப் பார்க்காத நர்ஸ் கிடையாது. அடுத்து, 2000ல எலிகள்ல தெரிய வந்தது: முதல் டோஸைப் பார்த்த உடம்பு பெக்குக்கு எதிரா ஆன்டிபாடி தயார் பண்ணிடுது, சில நாள் கழிச்சுப் போடுற ரெண்டாவது டோஸ் வேகமா கல்லீரலுக்குப் போயிடுது. ஒளிய வச்ச சட்டையே அடையாளமாப் போச்சு.

இப்போ அந்த அம்மா கையில இருந்த குப்பிக்கு வர்றேன். அன்னைக்கு நாங்க போட்ட லைபோசோமல் ஆம்போடெரிசின்ல பெக் கிடையாது. 100 நானோமீட்டருக்கும் சின்ன, இறுக்கமான கொழுப்பு உருண்டை. மருந்து அதோட சுவருக்குள்ளேயே செருகியிருக்கும். சின்னதா இருக்கிறதால பெரிய லைபோசோம்களைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலா சுத்தும். பூஞ்சையைக் கண்டா அதோட சுவர்ல ஒட்டி மருந்தை இறக்கும். மீதியைக் கல்லீரல், மண்ணீரல் மேக்ரோஃபேஜ்கள் விழுங்கிப் பத்திரமா வச்சுக்கிடும். கிட்னிக் குழாய்ல மோதுற தனி மருந்து குறைஞ்சு போகுது. கிட்னி தப்பிக்க அந்த விழுங்கலும் ஒரு காரணம் தாயே. கெடுக்கவே கெடுக்காது என்று இல்லை, ரொம்பக் குறைவு.

இதே மருந்துதான் காலா அசாரையும் மாத்தினது. முசாஃபர்பூர்ல ஷ்யாம் சுந்தர் குழு 2010ல வெளியிட்ட ஆய்வு: கிலோவுக்கு 10 மி.கி. ஒரே ஒரு ஊசி, 304 பேர், ஆறு மாசம் கழிச்சு 95.7 சதவீதம் குணம். சாதா மருந்துல 96.3. ஆனா அதுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் 15 ஊசி, 29 நாள் ஆஸ்பத்திரி. கூலி வேலைக்குப் போறவங்களுக்கு இந்த வித்தியாசம் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டொனோவன் பார்த்த கிருமி குடியிருந்த அதே செல்லே மருந்தையும் தின்னுச்சு, அவ்வளவுதான்.

எங்க நோயாளி பிழைச்சார். ஒரு கண் போச்சு, கிட்னி மூணு வாரத்துல திரும்பிடுச்சு.

கடைசியா ஒண்ணு, பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு. தாமிரபரணி பிறக்கிற அகத்தியமலையின் கேரளச் சரிவுல, காணி மக்கள்கிட்ட லீஷ்மேனியா டொனோவனியால வர்ற தோல் நோய் பதிவாகியிருக்கு. மணல் ஈக்கு மாநில எல்லை தெரியாது. மலையில இருந்து வர்றவங்க முகத்துலயோ கையிலயோ வாரக்கணக்கா ஆறாத முடிச்சு இருந்தா, களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிடாதீங்க. ஓரத்துல கீறி ஒரு ஸ்மியர் எடுங்க, ஜீம்சா போட்டு மேக்ரோஃபேஜுக்குள்ள பாருங்க. சந்தேகமா இருந்தா ஸ்லைடை எனக்கு அனுப்புங்க.