முன்பழக்கமும் திறமையும்: கணினியியல் வகுப்பில் இடம் குறைந்தோர்

அமெரிக்காவில் கணினியியல் இளநிலைப் பட்டம் பெற்றோரில் பெண்களின் பங்கு 1984ஐ ஒட்டி ஏறத்தாழ 37 விழுக்காடாக இருந்தது. 2010 வாக்கில் அது 18 விழுக்காட்டளவுக்குச் சரிந்தது. அதே காலத்தில் மருத்துவத்திலும் சட்டத்திலும் பெண்கள் பெருகினர். ஆகவே சரிவுக்கான காரணத்தைப் பெண்களிடம் அன்றித் துறையின் நடைமுறையிலேயே தேட வேண்டும். 1980களில் வீட்டுக் கணினி பெரும்பாலும் பையன்களின் கைக்கே போனது. அதில் பழகி வந்தவர்களின் வேகமே வகுப்பின் வேகமாயிற்று. முன்பழக்கம் திறமையாக எண்ணப்பட்டது.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிசும் ஆலன் ஃபிஷரும் 1995 முதல் நான்கு ஆண்டுகள் மாணவர்களை நேர்கண்டு இந்தப் பிழையைத் துலக்கிக் காட்டினர். சேர்க்கையில் நிரலெழுதிய அனுபவத்துக்குத் தரப்பட்ட முதன்மை நீக்கப்பட்டது. அனுபவத்துக்கேற்ற தொடக்க வகுப்புகள் அமைந்தன. முதலாண்டில் சேர்ந்த பெண்களின் பங்கு 1995இல் 7 விழுக்காடு, 2000இல் 42.

கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி கற்பித்தலையே மாற்றியது. தொடக்கப் பாடத்தில் ஜாவாவுக்குப் பதில் பைத்தான் வந்தது. அறிவியல் சிக்கல்களைத் தீர்க்கும் கருவியாக நிரலாக்கம் முன்வைக்கப்பட்டது. நிரலே எழுதியறியாதவர்களுக்கும் ஓரளவு பழகியவர்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் அமைந்தன. தெரிந்ததையெல்லாம் சொல்லி வகுப்பை ஆக்கிரமிக்கும் மாணவரிடம், அந்த உரையாடலைத் தன் அறையில் தொடரலாமென ஆசிரியர் தனியே கேட்டுக்கொள்வார். சிறிய செயல்தான், ஆனால் மற்றவர்களுக்கு வாய் திறக்க இடம் தருவது அதுவே. முதலாண்டு மாணவியர், கணினித்துறைப் பெண்களுக்கான கிரேஸ் ஹாப்பர் மாநாட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அந்த ஆண்டு முடிந்ததுமே கோடை ஆய்வு வாய்ப்பும் கிடைத்தது. கணினியியலை முதன்மைப் பாடமாக எடுத்தோரில் பத்து விழுக்காட்டளவே இருந்த பெண்கள் சில ஆண்டுகளில் நாற்பதை எட்டினர்.

இம்மாற்றங்கள் ஒருசேர நிகழ்ந்ததால் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். எனினும் வரிசை முக்கியம்; வகுப்பே முதலில் மாற வேண்டும். வகுப்பு மாறாமல் மாணவருக்கு ஒரு வழிகாட்டியை மட்டும் அமர்த்தினால், தாழ்வு மாணவரிடமே இருப்பதாக அந்த ஏற்பாடே சொல்லிவிடும்.

பெண்களுக்குப் பலித்தது பிற பிரிவினருக்குத் தானாகப் பலித்துவிடாது. பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் கணித வகுப்புகளை ஆராய்ந்தபோது, கறுப்பின மாணவர் பலர் தனித்தே படித்ததையும், சீன வம்சாவளியினர் கூடிப் படித்து ஒருவர் பிழையை ஒருவர் திருத்தியதையும் கண்டார். அவர் தொடங்கிய பயிலரங்குகள் கடினமான கணக்குகளைக் குழுவாகத் தீர்க்க வைத்தன. எளிய கணக்குகளைக் கொடுத்துத் தேற்றும் துணை வகுப்பை அவர் நாடவில்லை. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி வளாகத்தில் ஃப்ரீமன் ரபோஸ்கி 1988இல் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டமும் இப்படித்தான் உயர்ந்த எதிர்பார்ப்பு, குழுப் படிப்பு, தொடக்க நிலையிலேயே ஆய்வு ஆகியவற்றை இணைத்தது.

கல்லூரியின் அளவும் முக்கியம்: ஹார்வி மட் சிறிய விடுதிக் கல்லூரி. நூற்றுக்கணக்கானோர் ஒரே அரங்கில் அமரும் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஒவ்வொருவரையும் அறிய முடியாது. அங்கே மூத்த மாணவர்களையே பயிற்சி தந்து துணை ஆசிரியர்களாக்க வேண்டும். ஆய்வுப் பணிக்கு உதவித்தொகையும் இன்றியமையாதது. கோடையில் கூலி வேலை செய்தே அடுத்த பருவத்துக்குக் கட்டணம் சேர்க்கும் மாணவர், ஊதியமில்லாத ஆய்வுக்கூட இடத்தை ஏற்க இயலாது.